மன்னாரை நன்கொடைக் கணக்கில் எழுதாதீர்கள்

மன்னார்த் தீவில் முதலிட்டிருக்கும், முதலிட எண்ணியிருக்கும் கம்பனிகளின் பணிப்பாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்களில் பலர் தலைமன்னாருக்கு வந்ததில்லை. ஆனாலும் எங்கள் காற்றிலும் மணலிலும் உங்கள் பணம் இருக்கிறது, அல்லது இருக்கப்போகிறது. உங்கள் சார்பில் வந்தவர்களோடு நாங்கள் பேசியிருக்கிறோம். நில அளவையாளர், பொறியியலாளர், மக்கள் தொடர்பு அலுவலர் என்று பலர் வந்தார்கள், கேட்டார்கள், குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குறிப்புகள் பணிப்பாளர் சபையின் மேசைவரை வந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. வந்திருந்தால் 2025இல் இந்தத் தீவும் நீங்களும் பட்டதைப் பட்டிருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இடையில் ஆள் வைக்காமல் நேரே உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இங்கே ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவன். இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் இலாபத்தின் மேல் பகை கொண்டும் எழுதவில்லை. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது சில நாட்களில் 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. எண்ணெயையும் நிலக்கரியையும் கப்பலில் எதிர்பார்த்திருக்கும் நாடு எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த மாதங்களில் வயிற்றால் அறிந்தவர்கள் நாங்கள். 2030இல் மின்சாரத்தின் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்ற அரசின் இலக்கு நல்ல இலக்கு. இந்த மாவட்டத்துக்கு முதலீடும் தொழிலும் வேண்டும். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் ஒரு முறைப்பாட்டையும் ஒரு வேண்டுகோளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முறைப்பாடு இதுதான். உங்கள் கணக்கேட்டில் எங்களைத் தவறான பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இலாபம் கண்ட பிறகு அதில் ஒரு துளியை ஊருக்குக் கொடுப்பதைச் சமூகப் பொறுப்பு என்கிறீர்கள். அந்த இலாபம் யாருடைய நிலத்தில், யாருடைய தண்ணீருக்கு மேலே, யாரைக் கேட்டு வந்தது என்பது வேறொரு பக்கத்தில் இருக்கிறது. பல வேளைகளில் எந்தப் பக்கத்திலும் இல்லை. கொடுப்பதை அறிவிக்கிறீர்கள். எடுப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கிற பிணக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரு கம்பனி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தது. நல்ல பை, தையல் உறுதி, மேலே கம்பனியின் சின்னம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். தாய்மார் மனதார நன்றி சொன்னார்கள். அதே ஊருக்குப் பின்னால், மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடும் பள்ளத்தை மறித்து, பாரவாகனம் போவதற்காக ஒரு கிரவல் பாதை போடப்பட்டிருந்தது. பாதைக்கு அடியில் தண்ணீர் போகக் குழாய் வையுங்கள் என்று ஊரவர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதில் வரவில்லை. மாரி வந்தது. தண்ணீர் வளவுகளுக்குள் ஏறியது. பிள்ளைகள் அந்தப் புதுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போனார்கள். பை கொடுத்த படம் அறிக்கையில் வந்தது. பள்ளத்தைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. சில குழாய்களுக்கான செலவு அந்தப் பைகளின் செலவைவிடப் பெரிதாக இருந்திருக்காது. பை கொடுக்க ஒரு தலைப்பு இருந்தது. குழாய் வைக்கத் தலைப்பு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இலங்கைச் சட்டம் உங்களைப் பை கொடுக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் சமூகப் பொறுப்புக்கென்று கட்டாயச் செலவு எதுவும் கிடையாது. பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்பனையோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ உள்ள கம்பனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தால் பங்கு விலைகளுக்கு என்ன ஆனது என்று மஞ்சிராஜு, ராஜ்கோபால் என்ற இரு கணக்கியல் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, சட்டத்துக்குள் சிக்கிய கம்பனிகளின் பங்கு மதிப்பு சராசரியாக 4.1 வீதம் இறங்கியது. சமூகப் பொறுப்பு இலாபத்துக்குக் கேடு என்று வாதிடுகிறவர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். தொழிலோடு ஒட்டாமல், வெளியிலிருந்து சொன்னதற்காக மட்டும் கொடுக்கும் பணத்தைப் பங்குச் சந்தை செலவாகத்தான் பார்க்கும். அது செலவுதானே!

மறுபக்கமும் இருக்கிறது. 2003இல் ஓர்லிட்ஸ்கி, ஷ்மிட், ரைன்ஸ் ஆகிய மூவர் அதுவரை வந்த 52 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சமூகத்தோடு நன்றாக நடந்துகொள்ளும் கம்பனிகள் பணக்கணக்கிலும் பொதுவாக நன்றாகவே இருக்கின்றன என்று கண்டார்கள். இலாபம் அதிகமாக உள்ளவர்களால்தான் நல்லபடி நடக்க முடிகிறதா, நல்லபடி நடப்பதால்தான் இலாபம் வருகிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாதிடட்டும். எங்கள் தீவில் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நல்லபடி நடப்பதால் வருகிற இலாபத்தை அளப்பது கடினம். கெட்டபடி நடந்ததால் வந்த நட்டத்தை அளப்பது எளிது. அதற்கான கணக்கு இந்த மன்னார்க் குடாவின் இரு கரைகளிலும் எழுதிக் கிடக்கிறது.

இங்கே கம்பனி நடத்த வந்தவர்களில் நீங்கள் முதலாமவர்கள் அல்லர். அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரே கடலுக்கடியில் கிடந்த முத்துப் பார்களுக்கு ஒரு காலத்தில் உலகப் பெயர் இருந்தது. 1905இல் மிகப் பெரிய முத்துக் குளிப்பு நடந்தது. அந்த வருமானத்தைக் கண்ட பிரித்தானிய ஆட்சி, 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்தது. இலண்டன் பணத்தில் உருவான இலங்கை முத்துக் குளிப்போர் கம்பனி அது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1907இல் குளித்தார்கள். அதன் பிறகு பார்கள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. 20 ஆண்டுக் குத்தகையின் பாதிகூட முடியும் முன்னரே கம்பனி கலைந்தது. சிப்பி அழிந்ததற்கு இயற்கையின் காரணங்களும் சொல்லப்படுகின்றன. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓய்வு கொடுக்காமல் அள்ளியதும் சொல்லப்படுகிறது. எது எப்படியோ, கம்பனி போட்ட வரவு செலவுத் திட்டத்தில் வருமானம் 20 ஆண்டுக்கு எழுதப்பட்டிருந்தது. கடலின் கணக்கு அதில் எழுதப்படவில்லை. பணம் போட்டவர்கள் இழந்தார்கள். குளிப்பை நம்பியிருந்த கரையும் இழந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். இதே குடாவின் எதிர்க்கரையில் தூத்துக்குடி இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் செம்பு உருக்கும் ஸ்டெர்லைட் ஆலை இருந்தது. பள்ளிக்கூடம், மருத்துவ முகாம், தையல் பயிற்சி என்று சமூகப் பொறுப்பின் பெயரால் அந்த ஆலையும் செலவு செய்தது. காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்ததற்கு அவை பதிலாகவில்லை. 2018 மே 22இல் ஊர்வலத்தின் மீதும் மறுநாளும் பொலிஸார் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆறு நாளில் அரசு ஆலையை மூடியது. 2024 பெப்ரவரி 29இல் இந்திய உச்ச நீதிமன்றம் கம்பனியின் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பங்குகளை வைத்திருந்தவர்கள் இழந்ததைக் கூட்டிப் பாருங்கள். அந்த 13 வீடுகள் இழந்ததைக் கூட்ட எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை.

நம் நாட்டில் வெலிவேரியவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கையுறைத் தொழிற்சாலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அங்குள்ள ரதுபஸ்வல மக்கள் 2013 ஆகஸ்ட் 1இல் வீதிக்கு இறங்கினார்கள். இராணுவம் சுட்டது. மூவர் இறந்தார்கள். தொழிற்சாலை அந்த ஊரில் நிலைக்கவில்லை. அவர்கள் கேட்டது குடிக்கத் தண்ணீர்.

இப்படிப்பட்ட மோதல்கள் கம்பனிகளுக்கு எவ்வளவு நட்டம் தருகின்றன என்று 2014இல் ஓர் ஆய்வுக் குழு உலகெங்கும் உள்ள சுரங்கங்களை வைத்துக் கணக்கிட்டது. 300 முதல் 500 கோடி டொலர் முதலீட்டில் நடக்கும் ஒரு சுரங்கம், மக்களோடு உண்டாகும் பிணக்கால் தாமதமானால், வாரத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டொலரை இழக்கிறது. இதைச் சூழல் ஆர்வலர்கள் மட்டும் சொல்லவில்லை. சுரங்க நிறுவனங்களின் ஆட்களிடமே கேட்டுத் திரட்டிய கணக்கு அது.

இனி எங்கள் தீவு. 2020 டிசம்பர் 8இல் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இலங்கை மின்சார சபை கட்டியது. 30 காற்றாலைகள், ஏறத்தாழ 100 மெகாவாட். அவை நிற்கும் தென்கரைதான் எங்கள் கரைவலைகள் இழுக்கப்படும் கரை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றாடிகளுக்கு நல்ல காலம். அந்தக் கரையில் தொழில் செய்வோருக்கு அது எப்போதும் கடினமான காலம். காற்றாலை வந்த பிறகு கரையோர மீன் விலகிவிட்டது என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள். மாரியில் முன்பு வடிந்த தண்ணீர் இப்போது தேங்குகிறது என்று ஊரவர்கள் சொல்கிறார்கள். இவற்றில் எவ்வளவு காற்றாலையால் வந்தது, எவ்வளவு வேறு காரணத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டும் அளவீடு எங்கள் கையில் தமிழில் தரப்படவில்லை. தரப்படாத இடத்தில் அச்சம் வளர்ந்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கினீர்கள். அறிவைத் தராமல் அறியாமை என்று சொல்வது நியாயமா?

பிறகு அதானி குழுமம் வந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட். 44 கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீடு. ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று 2024இல் அமைச்சரவை அங்கீகாரம். மன்னார் ஆயரும் சுற்றாடல் அமைப்புகளும் உயர் நீதிமன்றம் போனார்கள். மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வந்திறங்கும் பாதையில், வங்காலை ராம்சார் ஈரநிலத்துக்கு அருகில், இன்னும் பல பத்துக் காற்றாலைகளா என்பது அவர்களின் கேள்விகளில் ஒன்று. புதிய அரசு விலையைத் திரும்பப் பேச முனைந்தது. 2025 பெப்ரவரியில் கம்பனி விலகியது. முன்னேற்பாடுகளுக்கே ஏறத்தாழ 50 இலட்சம் டொலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. விலைதான் காரணம், மக்கள் காரணமில்லை என்று நீங்கள் சொல்லலாம். விலை முக்கியமான காரணம்தான். ஆனால் ஊரின் சம்மதத்தோடு வந்த திட்டத்துக்கு வழக்குகள் சுமையாக இருந்திருக்காது. ஆட்சி மாறியபோது அதற்காகப் பேச இங்கே நாலு பேர் இருந்திருப்பார்கள். அந்தத் திட்டத்துக்காகப் பேச மன்னாரில் ஒருவர்கூட இருக்கவில்லை.

அதற்குப் பின் வந்தவை சிறிய திட்டங்கள். 2025 ஆகஸ்டில் காற்றாலைகளின் பாகங்கள் தீவுக்குள் வரத் தொடங்கியதும் இளைஞர்கள் வீதியில் இருந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலைகளை நிறுத்தச் சொன்னார். தவணை முடிந்து, செப்டெம்பர் 26 இரவு பொலிஸ் காவலோடு பாகங்கள் வந்தன. அந்த இரவு பெண்களும் குருமாரும் நின்ற இடத்தில் பொலிஸார் பலம் பிரயோகித்தார்கள். 29ஆம் திகதி மாவட்டம் முழுவதும் கடையடைப்பு. பொலிஸ் காவலில் கொண்டுவந்து ஒரு கோபுரத்தை நட்டுவிடலாம். அதற்குப் பிறகு 20 ஆண்டு, 25 ஆண்டு அந்தக் கோபுரம் எங்கள் நடுவில்தான் நிற்க வேண்டும். அவ்வளவு காலத்துக்கும் காவல் போடும் செலவை எந்த வங்கியிடம் கடன் கேட்பீர்கள்?

எங்கள் அச்சத்தின் ஆழத்தை விளங்கிக்கொள்ள ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். அது எங்கள் கிணறு. இந்தத் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் மணல். கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான் உயரம். இங்கே ஆறு இல்லை. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. எங்கள் கிணறுகளில் மண்வெட்டி கொஞ்சம் இறங்கினாலே தண்ணீர் காணும். ஆனால் ஆழத் தோண்டினால் நல்ல தண்ணீர் அதிகமாகக் கிடைக்காது, உவர்தான் வரும். வாளியை மெதுவாக மொள்ள வேண்டும், அடியைக் கலக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் பெயரால் வழங்கும் நீரியல் விதி ஒன்று உண்டு. மேலே நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி ஏறக்கூடும். ஒன்றுக்கு நாற்பது. நீங்கள் கணக்குத் தெரிந்தவர்கள். எந்தக் கடனுக்காவது இப்படி ஒரு வட்டியை ஒப்புக்கொள்வீர்களா? ஒரு தரம் உவர் ஏறிய கிணறு திரும்ப நன்னீராவதற்கு எத்தனை மாரி வேண்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. பனையும் தென்னையும், வீடும் கோயிலும், பேசாலைச் சந்தையும் தலைமன்னார்ப் பியரும் எல்லாம் அந்த மெல்லிய படைக்கு மேல்தான் இருக்கின்றன.

இந்தக் காரணத்தால்தான் இல்மனைட் என்ற கனிமத்தை அகழ வந்திருக்கும் கம்பனியின் பங்குதாரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட டைட்டேனியம் சாண்ட்ஸ், இந்தத் தீவின் மணலில் ஆய்வுத் துளைகள் இட்டு, கனிம இருப்பை முதலீட்டாளர்களுக்கு அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பில் தொன் கணக்கு இருக்கிறது, தர வீதம் இருக்கிறது. உங்கள் கையில் அது இருப்பு. எங்கள் காலுக்குக் கீழே அது நிலம், எங்கள் கிணற்றுக்கு அது பாத்திரம். ஆய்வுக்கு வந்த அரச அதிகாரிகளை மக்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. காற்றாலையைப் பற்றி எங்களோடு பேச இடம் இருக்கிறது. எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, தண்ணீர் எப்படிப் போகும் என்று பேசலாம். தீவின் மணலை அள்ளுவதைப் பற்றிப் பேச இடம் இல்லை. எந்தப் பாடசாலைக் கட்டடமும் எந்தப் புலமைப்பரிசிலும் அதற்கு ஈடாகாது. அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள்; உங்கள் நன்மைக்காகவும் சொல்கிறேன்.

நீங்கள் மறுமொழியாக என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அரசு அனுமதி தந்துவிட்டது, சட்டப்படிதான் வந்தோம் என்பீர்கள். உண்மை. அரசின் அனுமதி உங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவரும், ஊருக்குள் கொண்டுவராது. தூத்துக்குடி ஆலைக்கும் அனுமதிகள் இருந்தன. இன்னொன்றும் சொல்வீர்கள்: விலை இறங்கிவிட்டது, இங்கே 50 மெகாவாட் திட்டம் ஒன்றுக்கு ஹேலீஸ் பென்டன்ஸ் ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 4.65 சதம்தான், இந்த விலையில் ஊருக்குக் கொடுக்க என்ன மிஞ்சும் என்பீர்கள். நான் பிடித்துக்கொள்ள விரும்புவது இந்த வார்த்தையைத்தான். மிஞ்சியதில் கொடுக்கப் பார்க்கிறீர்கள். விலை குறையக் குறையத் தாமதத்தைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. 8 சதத்தில் ஒரு மாத மறியலைத் தாங்கக்கூடிய கம்பனி 4 சதத்தில் தாங்காது. இலாபம் மெலிந்த தொழிலுக்குத்தான் ஊரின் சம்மதம் அதிகம் தேவை.

எங்கள் சங்கத்தின் நடைமுறையைப் பாருங்கள். கரைக்கு வரும் மீன் விலைப்பட்டவுடன், விற்பனையில் ஒரு சிறு பங்கு சங்கத்துக்கு முதலில் எழுதப்படும். மீன் அதிகமாகப் பட்ட நாளிலும் எழுதப்படும். எண்ணெய்க் காசுக்கே காணாத நாளிலும் எழுதப்படும். வலை கிழிந்தவனுக்குக் கடனும், கடலில் போனவனின் வீட்டுக்குச் செலவும் அதிலிருந்துதான் போகும். பொதுக்கூட்டத்தில் வரவையும் செலவையும் சத்தமாக வாசிப்பேன். படிக்கத் தெரியாத தாயும் எழுந்து கேள்வி கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். யாரும் அதைத் தர்மம் என்று சொன்னதில்லை. அது தொழிலின் செலவு, எண்ணெய்ச் செலவு போல. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் மனிதர்களால் இப்படி நடத்த முடிகிறது. கொழும்பில் கணக்காய்வுக் குழுவும் இடர் முகாமைத்துவக் குழுவும் வைத்திருக்கும் உங்களால் ஏன் முடியாது?

ஆகவே என் வேண்டுகோள். மன்னாரை நன்கொடைப் பக்கத்திலிருந்து எடுத்து, செலவுப் பக்கத்திலும் இடர்ப் பக்கத்திலும் எழுதுங்கள். செயலில் அது மூன்று காரியங்களாகும்.

முதலாவது, சம்மதம். அளவுக் கல் நடும் முன் வாருங்கள். நட்ட பிறகு விளக்கம் சொல்ல வராதீர்கள். சுற்றாடல் அறிக்கையின் முழுப் பாடத்தையும் தமிழில் கொண்டுவாருங்கள், சுருக்கம் போதாது. கடற்றொழிலாளர் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றையும் கூட்டிப் பேசுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தக் கூட்டத்துக்கு இருக்க வேண்டும். மறுக்க உரிமை இல்லாத இடத்தில் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது.

இரண்டாவது, அளவீடு. வேலை தொடங்கும் முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, மாதா மாதம் தமிழில் கிராம அலுவலர் அலுவலகத்தில் ஒட்டுங்கள். மழைத் தண்ணீர் ஓடும் பள்ளங்களை ஊரவர்களோடு நடந்து பார்த்து வரைபடத்தில் குறியுங்கள். அவற்றை மறித்தால் குழாய் வைத்த பிறகே பாதை போடுங்கள். கரையோர மீன்பாட்டைச் சங்கங்களின் ஏடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏடுகளைத் திறந்து தர நாங்கள் தயார். எங்கள் அச்சம் பிழையென்று அளவீடு காட்டினால் ஏற்றுக்கொள்வோம். சரியென்று காட்டினால் நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பங்கு. விற்கும் ஒவ்வொரு அலகிலிருந்தும் ஒரு நிலையான சிறு பங்கை, இலாபம் வந்தாலும் வராவிட்டாலும், தீவு மக்களின் நிதியமொன்றுக்கு முதலிலேயே எழுதுங்கள். அதை மக்கள் தெரிவு செய்தவர்கள் நடத்தட்டும். கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். உங்கள் சின்னம் எதிலும் வேண்டாம். பையா, குழாயா, குடிநீர்த் தாங்கியா என்பதை எங்கள் தாய்மார் தீர்மானிக்கட்டும்.

பங்குதாரர்களே, இதில் உங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. நிலைபேறு சார்ந்த இடர்கள் கம்பனியின் பணநிலையை எப்படிப் பாதிக்கும் என்று வெளிப்படுத்தும் புதிய கணக்கீட்டு நியமங்கள் இலங்கையில் 2025 ஜனவரி முதல் பெரிய பட்டியலிட்ட கம்பனிகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வருகின்றன. உங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்தி மூன்று கேள்வி கேளுங்கள். மன்னாரில் மக்களின் சம்மதம் இருக்கிறதா, எழுத்தில் காட்ட முடியுமா? மறியலாலும் வழக்காலும் இதுவரை எவ்வளவு நட்டம்? கிணறுகளின் அளவீடு எங்கே? பதில் இல்லையென்றால், உங்கள் பணம் எங்கே நிற்கிறதென்று உங்கள் தவிசாளருக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

பணிப்பாளர்களே, உங்கள் அடுத்த சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றையும் சேருங்கள். தீர்மானம் எதுவானாலும் தமிழில் எழுதி மன்னார் மாவட்டக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு அனுப்புங்கள். முடிந்தால் அந்தக் கூட்டத்தையே இங்கே நடத்துங்கள்; கொழும்பிலிருந்து தலைமன்னார்வரை ரயில் பாதை இருக்கிறது. எந்த நிபந்தனைக்கு நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள், எதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஏன் என்பதை உங்கள் வாயால் கேட்க நாங்கள் சங்க மண்டபத்தில் கூடுவோம். ஒப்புக்கொண்டதை அடுத்த ஆண்டறிக்கையில், செலவுப் பக்கத்தில், தொகையோடு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எங்கள் பொதுக்கூட்டத்தில் நான் வாசிப்பேன்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கணக்கர் ஒருவர்
தலைமன்னார்